போர்த்துகலின் மீனவர் பாதை: நான்கு நாள் கடலோர நடைக்கு முழு வழிகாட்டி

முதல் நாள் பாதைக்கு 20 கிலோமீட்டர் என்று கணக்குச் சொல்வார்கள். நானும் நண்பனும் அதைப் பார்த்துவிட்டு, "திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், அதைச் செருப்பில்லாமலே சுற்றியிருக்கிறோம், இது என்ன பெரிய தூரம்" என்று பேசிக்கொண்டேதான் கிளம்பினோம். பதினொரு மணி வாக்கில் பேச்சு நின்றுவிட்டது. தார்ச்சாலையில் ஒரு மணி நேரத்தில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிற ஆள், கணுக்கால் புதைகிற மணலில் மூன்றைத் தாண்டுவதே கஷ்டம். ஒவ்வோர் அடிக்கும் கால் பாதி பின்னால் வழுக்கும். ஆகவே இந்தப் பாதைக்குத் திட்டம் போடும்போது கிலோமீட்டரை மறந்துவிட்டு மணி நேரத்தில் கணக்குப் போடுங்கள். காலணி, தண்ணீர், தங்குமிடம், கிளம்பும் நேரம் என்று கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே அந்த மணலிலிருந்துதான் வருகிறது.

பாதை எங்கே இருக்கிறது

போர்த்துகலின் தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலை ஒட்டி, ரோட்டா விசென்டினா என்ற பெயரில் நடைபாதைகளின் வலைப்பின்னல் ஒன்று இருக்கிறது. 2012-இல் தொடங்கினார்கள். அதில் கடலோரமாகப் போகும் பகுதிதான் மீனவர் பாதை. புதிதாக வெட்டிய பாதை என்று இதைச் சொல்ல முடியாது. மீன்பிடிக்கப் பாறைமுனைக்குப் போகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து நடந்து விழுந்த ஒற்றையடித் தடங்களை இணைத்து, அடையாளம் வரைந்திருக்கிறார்கள். இன்றைக்கும் செங்குத்துப் பாறையின் விளிம்பில் நீண்ட தூண்டிலோடு யாராவது நின்றுகொண்டிருப்பார். எப்படி அங்கே இறங்கினார் என்று நமக்கு வயிறு கலங்கும். அவர் பாட்டுக்குப் புகை பிடித்துக்கொண்டிருப்பார்.

முழுப் பாதை 220 கிலோமீட்டருக்கும் மேல். தெற்கே சுற்றி லாகோஸ் வரை போகிறது. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது போர்ட்டு கோவு என்ற ஊரிலிருந்து ஓடிசெய்ஷ் வரையிலான நான்கு நாள் பகுதி, ஏறத்தாழ 75 கிலோமீட்டர். ஒவ்வொரு நாள் முடிவிலும் ஓர் ஊர் வந்துவிடும். கூடாரம் சுமக்க வேண்டாம். சுமந்தாலும் பயனில்லை, இது இயற்கைப் பூங்கா என்பதால் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கத் தடை. வழிகாட்டி ஆளும் தேவையில்லை.

எப்போது போவது

ஏப்ரல், மே. இல்லாவிட்டால் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். ஜூலை, ஆகஸ்டில் நிழலே இல்லாத மணல்மேட்டில் நடப்பது தண்டனை. அறை வாடகையும் எகிறிவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழைக்காலம், படகும் பேருந்தும் குறையும்.

ஏப்ரல், மே மாதங்களில் மணல்மேடெங்கும் பூத்துக் கிடக்கும். நாரைகள் கூட்டில் இருக்கும் காலமும் அதுதான், அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். இலையுதிர் காலத்தில் கூடுகள் பெரும்பாலும் காலி, ஆனால் கடல் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். கொஞ்சம்தான். நம் ஊர்க் கடலில் குளித்துப் பழகிய உடம்புக்கு இது எந்த மாதத்திலும் குளிர்தான்.

எந்தத் திசையில் என்ற கேள்விக்கு ஒரே பதில்: வடக்கிலிருந்து தெற்கே. இந்தக் கரையில் காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து அடிக்கும். அது முதுகில் தள்ளினால் உதவி, முகத்தில் மணலை வாரி அடித்தால் உபத்திரவம். தெற்கே நடக்கும்போது கடல் எப்போதும் வலது கைப்பக்கம். பிற்பகல் வெயிலும் அந்தப் பக்கமிருந்தே விழும். நான் ஊர் திரும்பியபோது வலது கன்னமும் வலது காதும் தனியாகக் கறுத்திருந்தன.

மூன்று மாதம் முன்பே செய்யவேண்டியவை

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். கடைசி நேரத்துக்கு விடாதீர்கள், நேர்முகத் தேதி கிடைப்பதே பெரும்பாடு. பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கட்டாயம். தங்குமிட முன்பதிவைக் காட்டவேண்டி வரும் என்பதால், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற வகையாகப் பார்த்துப் போடுங்கள். சென்னையிலிருந்து லிஸ்பனுக்கு நேர் விமானம் இல்லை, வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ மாறித்தான் போக வேண்டும்.

தங்குமிடம் பதிவு செய்வதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எல்லாரும் முதல் நாள் ஊரிலிருந்து வரிசையாகப் பதிவு செய்துகொண்டு போவார்கள். நீங்கள் இரண்டாம் நாள் முடிவில் வரும் அல்மோகிராவில் தொடங்குங்கள். தங்கும் ஊர்களில் அதுதான் சின்னது, படுக்கைகள் மிகக் குறைவு. அங்கே எந்தத் தேதியில் இடம் கிடைக்கிறதோ, அதை வைத்து முன்னும் பின்னும் மற்ற ஊர்களைக் கோத்துக்கொள்ளலாம். இதை நான் தலைகீழாகச் செய்து, மூன்று ஊருக்குப் பணம் கட்டிய பிறகு அல்மோகிராவில் இடமில்லாமல், எல்லாத் தேதியையும் ஒரு நாள் தள்ளிப்போட்டேன்.

அடுத்தது மூட்டை. தங்கும் வீட்டிலிருந்து அடுத்த ஊர் வீட்டுக்குப் பையை வண்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவை இந்தப் பாதையில் உண்டு. காலையில் பையை வரவேற்பறையில் வைத்துவிட்டு வெறும் தோள்பையோடு நடக்கலாம். "சுமந்து நடந்தால்தான் நடை" என்று பெருமை பேசும் நண்பர் உங்களுக்கும் இருப்பார். இந்த மணலில் அந்தப் பெருமை வேண்டாம் என்பது என் கட்சி. சுமந்துதான் தீருவேன் என்றால், தண்ணீர் சேர்த்து எட்டு கிலோவுக்கு மேல் போகாதீர்கள்.

காலுக்கான தயாரிப்பு

கனமான மலையேற்ற பூட்ஸ் இங்கே தேவையில்லை. அதற்குள் மணல் போனால் வெளியே வராது, கால் வெந்துவிடும். லேசான, காற்றோட்டமான ஓட்டக் காலணி போதும்; வழக்கமாகப் போடுவதைவிட அரை அளவு பெரியதாக வாங்குங்கள், பிற்பகலில் கால் வீங்கும். கணுக்காலைச் சுற்றி மாட்டும் மெல்லிய துணி உறை ஒன்று கிடைக்கிறது; மணல் உள்ளே போகாமல் தடுக்க அதைவிட நல்லது எதுவும் எனக்குத் தெரியாது. கிளம்பும் முன் விரலிடுக்கில் வாசலின் தடவுங்கள். கால் எரிகிற மாதிரி லேசாகத் தோன்றினால் அந்த நிமிடமே உட்கார்ந்து, காலுறையை உதறி, அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டுங்கள். அடுத்த மேட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அங்கே போவதற்குள் கொப்புளம் வந்திருக்கும். எனக்கு வந்தது, இடது கால் சுண்டுவிரலில், முதல் நாள் மதியமே.

பயிற்சிக்குச் சென்னைக்காரர்கள் எங்கும் போக வேண்டாம். மெரினாவில் அலை ஓரத்து ஈர மணலை விட்டுவிட்டு, மேலே கடைகள் இருக்கும் பக்கத்துக் காய்ந்த மணலில், முதுகில் ஐந்து கிலோ பையோடு வாரம் இரண்டு நாள் ஒரு மணி நேரம் நடங்கள். ஆறு வாரம் செய்தால் கெண்டைக்கால் ஒத்துழைக்கும். நடைக்கம்பு பிடித்துப் பழகியவர்கள் அதையும் எடுத்துப் போகலாம், மணல்மேடு ஏற உதவும்.

மற்றபடி காற்றுத் தடுப்புச் சட்டை, கயிறு கட்டிய தொப்பி (கயிறு இல்லாவிட்டால் அது அட்லாண்டிக்குக்குச் சொந்தம்), வெயில் களிம்பு, ஆளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பாட்டில்கள். பாதையில் குடிநீர்க் குழாய் கிடையாது, பல மணி நேரத்துக்குக் கடையும் வராது. கைபேசியில் வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

அடையாளங்களை வாசிப்பது

பச்சைக் கோடும் நீலக் கோடும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தால் சரியான வழி. அவை குறுக்கே வெட்டிப் பெருக்கல் குறி போல இருந்தால் தப்பு வழி. திரும்ப வேண்டிய இடத்தில் அந்தப் பக்கம் வளைந்திருக்கும். வெள்ளையும் சிவப்புமாகப் பார்த்தால் அது உள்நாட்டு வழியாகப் போகும் வேறொரு பாதை. மணல்மேட்டில் பல தடங்கள் பிரிந்து பிரிந்து போகும்; பத்து நிமிடமாகக் கோடு கண்ணில் படவில்லை என்றால் முன்னே போகாமல், கடைசியாகப் பார்த்த கம்பத்துக்குத் திரும்புங்கள். குறுக்கு வழி என்று செடிகளை மிதித்துப் போவது தப்பு. அந்தச் செடிகளின் வேர்தான் மணலைப் பிடித்து நிற்கிறது.

முதல் நாள்: போர்ட்டு கோவு முதல் மில்ஃபோன்டஸ் வரை, 20 கி.மீ.

லிஸ்பனில் செட்டி ரியுஸ் பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டும். மெட்ரோவின் நீல வழித்தடத்தில் விலங்குக் காட்சிசாலை நிறுத்தத்தில் இறங்கினால் பக்கம்தான். அங்கிருந்து போர்ட்டு கோவுக்குப் பேருந்தில் இரண்டரை மணி நேரம் போல ஆகும். முந்தைய நாளே வந்து போர்ட்டு கோவுவில் தூங்குங்கள். சுண்ணாம்பு அடித்த வெள்ளை வீடுகள், அடியில் நீலப் பட்டை, சின்ன சதுக்கம். மாலைப்பொழுதை அங்கே உட்கார்ந்து கழிக்கலாம்.

நான்கு நாளில் மணல் அதிகம் உள்ள நாள் இது. எட்டு மணிக்கு முன்பே கிளம்பிவிடுங்கள், ஏழு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் பெசெகெய்ரு தீவு தெரியும். கரையில் ஒரு கோட்டை, எதிரே தீவில் இன்னொரு கோட்டையின் இடிபாடு. நடுவே கல் போட்டு அடைத்து ஒரு செயற்கைத் துறைமுகம் கட்ட 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திட்டம் போட்டார்கள், முடிக்கவில்லை. அதற்கும் முன்பே ரோமானியர் அந்தத் தீவில் மீனை உப்பில் ஊறவைத்திருக்கிறார்கள், அந்தத் தொட்டிகளின் மிச்சம் கிடைத்திருக்கிறது. கருவாட்டு வாசனைக்கு அத்தனை பழைய வரலாறு.

அதற்கப்புறம் மல்யாவ் கடற்கரை வரை மேடும் பள்ளமுமாக மணல்தான். அலை வற்றியிருந்தால் சில இடங்களில் கீழே இறங்கி ஈர மணலில் நடக்கலாம், கால் புதையாது. ஆனால் மேலே ஏறும் வழி எங்கே என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள்; ஓத நேரத்தை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரத்தை, முந்தைய இரவே கைபேசியில் பார்த்துவைப்பது நல்லது.

இரண்டாம் நாள்: மில்ஃபோன்டஸ் முதல் அல்மோகிராவ் வரை, 15 கி.மீ.

சுலபமான நாள். மில்ஃபோன்டஸில் மீரா ஆறு கடலில் கலக்கிறது. எதிர்க்கரைக்கு ஒரு சின்னப் படகு உண்டு. ஏறினால் பாலத்தைச் சுற்றிப் போகும் சில கிலோமீட்டர் மிச்சம். பருவமும் காற்றும் ஒத்துவந்தால்தான் ஓட்டுவார்கள். நாங்கள் படித்துறையில் முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு, வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் கடலைக் காட்டி, கையை இப்படியும் அப்படியும் ஆட்டி, பாலத்தைக் காட்டினார். பாலத்தில் நடந்தோம். முந்தின மாலையே விடுதியில் விசாரித்திருந்தால் அந்த முக்கால் மணி நேரம் தூங்கியிருக்கலாம்.

ஊரில் ஒரு விமானிகள் நினைவுச்சின்னம் இருக்கிறது, பார்க்காமல் போகாதீர்கள். 1924 ஏப்ரலில் பிரிட்டோ பாய்ஸ், சர்மென்டோ டி பெய்ரெஸ் என்ற இருவர் இங்கிருந்துதான் மக்காவ் நோக்கிப் பறந்தார்கள். அவர்கள் விமானம் வழியில் இந்தியாவில் விபத்துக்குள்ளாக, இந்தியாவிலேயே வேறொரு விமானம் வாங்கிப் பயணத்தைத் தொடர்ந்தார்கள்.

எதிர்க்கரை ஏறியதும் அகேசியா என்ற வேல இன மரங்கள் சுரங்கம் போலக் கவிந்த வழிகள் வரும். பாதையில் நிழல் என்று கிடைப்பது அனேகமாக அவ்வளவுதான், உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள்.

மூன்றாம் நாள்: அல்மோகிராவ் முதல் ஸாம்புஜெய்ரா வரை, 22 கி.மீ.

இந்த ஒரு நாளுக்காகவே இந்தப் பாதைக்கு வரலாம். தூரம் அதிகம், ஆனால் கெட்டித் தரை நிறைய. கரை செம்மண்ணும் கரும்பாறையுமாக மாறும். பாறை அடுக்குகள் புத்தகத்தை மடித்துவைத்த மாதிரி நெளிந்திருக்கும்.

பாதி வழியில் கவலெய்ரு என்ற சிற்றூர். அங்கே காபி குடித்துவிட்டுப் போனால் அடுத்தது சர்தாவ் முனைக் கலங்கரை விளக்கம், 1915-இல் கட்டியது. அதன் கோபுரம் கட்டடத்தின் நிலப்பக்கம் இருக்கிறது. அதாவது கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கட்டிவிட்டார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். விளக்கு என்னவோ ஒழுங்காகத்தான் எரிகிறது.

இங்கேதான் நாரைகள். வெள்ளை நாரை ஐரோப்பாவில் புகைபோக்கியிலும் மின்கம்பத்திலும் கூடு கட்டும். அலை மோதும் கடற்பாறையின் உச்சியில் கூடு கட்டுவது உலகத்தில் இந்தக் கரையில் மட்டும்தான். நாங்கள் ஒரு கூட்டுக்கு எதிரே, பத்திரமான தூரத்தில் குப்புறப் படுத்துப் பார்த்தோம். தனியாகப் பிரிந்து நிற்கும் கம்பம் போன்ற பாறை. அதன் தலையில் சுள்ளிக் கூடை. கீழே ஐம்பது ஆள் உயரம் என்று தோன்றும் ஆழத்தில் வெண்ணுரை. தாய்ப்பறவை காற்றுக்கு எதிராகச் சிறகை மடக்காமலே இறங்கி, கழுத்தைப் பின்னால் முதுகு வரை வளைத்து, அலகைத் தடதடவென்று தட்டியது. மரக்கட்டையில் தாளம் போடுகிற சத்தம். உடனே கூட்டிலிருந்து மூன்று சாம்பல் தலைகள் எழுந்தன. முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. தொலைநோக்கி இருந்தால் எடுத்துப் போங்கள், விளிம்புக்குப் போகாதீர்கள். பல இடங்களில் நாம் நிற்கும் மண்ணுக்கு அடியில் பாறை குடைந்து போயிருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. அவசர எண் 112.

நான்காம் நாள்: ஸாம்புஜெய்ரா முதல் ஓடிசெய்ஷ் வரை, 18 கி.மீ.

ஏறி இறங்கும் நாள். ஒவ்வொரு கடற்கரைக்கும் இறங்கி மறுபடி ஏற வேண்டும். கார்வல்யால் பக்கம் ஒரு தனியார் பண்ணை வேலிக்குள் வரிக்குதிரையும் நெருப்புக்கோழியும் நிற்கும். வெயிலில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். பிரெஜாவ் அருகே, ஃபாடோ என்ற போர்த்துகீசிய இசைவகையின் பாடகி அமாலியா ரொட்ரிகஸின் வீடும், அவர் பெயரிலேயே அழைக்கப்படும் கடற்கரையும் இருக்கின்றன.

இந்தப் பகுதியில் உள்பக்கம் திரும்பினால் பிளாஸ்டிக் கூடாரங்கள் வரிசை வரிசையாகத் தெரியும். பெர்ரிப் பழத் தோட்டங்கள். வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இந்தியா, நேபாளம், வங்கதேசத்திலிருந்து வந்தவர்கள். சுற்றுலாப் புகைப்படங்களில் இவர்கள் வருவதில்லை. ஒரு திருப்பத்தில் எதிரே சைக்கிளில் வந்த இளைஞர் எங்களைப் பார்த்து நிறுத்தி, இந்தியில் எந்தத் தோட்டத்தில் வேலை என்று கேட்டார். சும்மா நடக்க வந்தோம் என்றபோது அவர் சிரித்த சிரிப்பில் கேலியும் இருந்தது.

அஸென்யா டு மார் என்ற குட்டி மீன்பிடித்துறையில் மதியச் சாப்பாடு. அதன் பிறகு பாறை மேலிருந்து ஓடிசெய்ஷ் கடற்கரை தெரியும். செய்ஷி ஆறு வளைந்து வந்து கடலில் சேரும் இடம். ஊர் வந்துவிட்டது என்று நினைப்பீர்கள். இல்லை. ஊர் உள்ளே தள்ளி இருக்கிறது, ஆற்றங்கரையோரமாக இன்னும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். கடைசித் துளித் தண்ணீரை அந்த மேட்டிலேயே குடித்துவிடாதீர்கள்.

சாப்பாடும் பேச்சும்

மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. சைவக்காரர்கள் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். காய்கறி சூப் எங்கும் கிடைக்கும். கால்டு வெர்டி என்ற கீரை சூப்பில் மட்டும் பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். இந்த வட்டாரத்தில் அசோர்டா என்று ஒன்று செய்கிறார்கள்: பூண்டும் கொத்தமல்லியும் இடித்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, வெந்நீர் ஊற்றி, பழைய ரொட்டியைப் பிய்த்துப்போட்டு, மேலே ஒரு முட்டை. ஐரோப்பாவில் இத்தனை கொத்தமல்லி வாசனை வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. சில கடைகளில் மீன் வேகவைத்த தண்ணீரில் செய்வார்கள், அதையும் கேளுங்கள். உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டியும் ஆலிவும் கொண்டுவந்து வைப்பார்கள், தொட்டால் காசு. வேண்டாம் என்றால் எடுத்துப் போய்விடுவார்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை. மறுநாள் மதியத்துக்கான ரொட்டி, பழம், சீஸை முந்தைய மாலையே வாங்கி வையுங்கள். சின்னக் கடைகளில் கார்டு செல்லாமல் போகலாம், கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும்.

பேச்சுக்குப் பயப்பட வேண்டாம், ஆங்கிலம் ஓரளவு ஓடும். விடுதிக்குள் உங்களிடம் ஏற்கனவே பாதி போர்த்துகீசியம் இருக்கிறது. சாவிக்கு ஷாவி, ஜன்னலுக்கு ஜனெலா, துவாலைக்குத் துவால்யா, அலமாரிக்கு அர்மாரியு. எல்லாம் அவர்களிடமிருந்து நமக்கு வந்த சொற்கள்தான். வரவேற்பறைப் பெண்மணியிடம் துவாலை என்று நான் தமிழிலேயே கேட்டேன். ஒரு வார்த்தை பேசாமல் எடுத்து நீட்டினார்.

திரும்பும் வழி

ஓடிசெய்ஷிலிருந்து லிஸ்பனுக்குப் பேருந்து மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாளுக்குச் சில பேருந்துகள்தான், ஞாயிறு மாலை சீக்கிரம் நிறைந்துவிடும். பயணச்சீட்டை ஊரிலிருந்தே இணையத்தில் எடுத்துவிடுங்கள். நான்காம் நாள் மாலையே பேருந்து பிடிக்கும் திட்டம் வேண்டாம், ஓர் இரவு ஓடிசெய்ஷில் தங்குங்கள். லிஸ்பனிலும் விமானத்துக்கு முன் ஒரு நாள் இடைவெளி வையுங்கள். கால் தெம்பாக இருந்து, கையில் இன்னும் இரண்டு நாளும் இருந்தால் அல்ஜெசூர் வழியாக அர்ரிஃபானா வரை நடக்கலாம். அல்ஜெசூர் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குப் பேர்போன ஊர்.